முழுப்படம், அரைப்படம்

1

வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்து வாங்கும் பழக்கத்தை எங்கள் சனம் ரொறன்ரோவுக்கு வந்தும் விடவில்லை. ‘முறிக்க வேண்டாம்’ என்று கடைக்காரர் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். அந்த அட்டைக்குக் கீழே நின்றுதான் எல்லோரும் முறிக்கிறார்கள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில் நானும் அப்படி முறித்துக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு அன்ரி என் முழங்கையைப் பிடித்தார்.

“நீர் சூரிச்சிலை பச்சைச் சுடிதாரோடை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பிள்ளையெல்லோ?”

“ஓம் அன்ரி. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“படம் வந்ததெல்லோ. முழுப்படமும் வந்தது, அரைப்படமும் வந்தது. என்ரை தங்கச்சியின்ரை மகனுக்குப் பாத்தனாங்கள். சாதகக் குறிப்புப் பொருந்தேல்லை.”

தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். கையில் ஒரு வெண்டிக்காய் இருந்தது. அதை முறித்துக் கூடைக்குள் போட்டார்.

“படத்திலை இன்னுங் கொஞ்சம் வெள்ளையா இருந்தனீர்” என்றார். பிறகு தன் நம்பரை என் போனில் பதியவைத்தார். “எனக்கும் ஒரு மகள் இருக்கிறா. நல்ல பெடியன் ஆரும் கண்ணிலை பட்டால் மறக்காமல் அனுப்பும்.”

யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்புவரை என்னோடு படித்தவர்களே, போன வருடத்திலிருந்து நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உனக்கென்ன, வியன்னா, பாரிஸ், சூரிச் என்று ஐரோப்பாவையே சுற்றிப் பார்த்துவிட்டாய், ஒரு வரி எழுதக் கூடாதா என்று. எழுதுகிறேன். வாசித்துவிட்டுப் பொறாமைப்படுங்கள்.

2

நானும் அம்மாவும் கனடாவுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா பல வருடங்களுக்கு முன்பே வந்து எங்களைக் கூப்பிட்டவர். முதலில் இருந்தது சென் ஜேம்ஸ் ரவுணில், ஒரு அடுக்குமாடியின் பதினாறாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்த நாட்களைத்தான் நாங்கள் பண்டிகை என்று சொல்லுவோம். மரக்கறிப் பைகளோடு படி ஏறும்போதெல்லாம், இப்படி ஒரு கட்டடத்தை வரைந்தவனை ஒருநாள் இங்கே குடிவைக்க வேண்டும் என்று நினைப்பேன். அந்தக் கோபத்தில் பிடித்துக்கொண்டதுதான் நகரத் திட்டமிடல் படிப்பு.

வியன்னாவில் நகராட்சி கட்டிய நூறு வருடப் பழைய குடியிருப்புகள் இருக்கின்றன. நடுவில் மரங்களோடு பெரிய முற்றம், பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறை, வாசிகசாலை. வசதி குறைந்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள், இன்றும் ஆட்கள் விரும்பி இருக்கிறார்கள். படத்தில் பார்த்த நாளிலிருந்து அங்கே போகவேண்டும் என்று கிடந்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு அரையாண்டு அங்கே படிக்கும் வாய்ப்பு வந்தது.

அம்மா முடியாது என்றார். மூன்று கிழமை முடியாது என்றார். பிறகு ஒரு காலையில், தேங்காய் திருவிக்கொண்டே, “போயிட்டு வா” என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வியன்னாவில் எங்கள் ஆட்கள் இல்லாதபடியால் அங்கே விடுதியில் இருக்கலாம்; ஆனால் விடுமுறைகளில் வேறு ஊர் பார்க்கப் போனால் எங்கள் ஆட்களின் வீட்டில்தான் நிற்கவேண்டும். பாரிஸில் சித்தப்பா, சூரிச்சில் மாமி. கண்ட இடத்தில் தங்கக் கூடாது. நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

விமான நிலையத்தில் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பா அதிகம் கதைக்காத மனிதர்.

“நானும் உந்தப் பக்கத்தாலைதான் வந்தனான். ஆக்களைக் களவாய்க் கொண்டுவாற ஏஜென்சிக்காரன் ஒரு அறைக்குள்ளை விட்டுப் பூட்டிப்போட்டுப் போயிட்டான். ஜன்னலுக்குப் பேப்பர் ஒட்டிக்கிடந்தது. வெளியாலை ட்ராம் போற மாதிரி மணிச் சத்தம் மட்டும் கேக்கும். எந்த ஊரெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. நீ எண்டாலும் வடிவாப் பாத்திட்டு வா.”

வடிவாகப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

3

வியன்னா என்னைக் கைகூப்பி வரவேற்றது என்று எழுத ஆசைதான். போய்ச் சேர்ந்ததும் விலாசத்தைப் பதியவேண்டும் என்றார்கள். ஒரு அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவருக்கு என் பெயர் பிடிபடவில்லை. என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். அம்மாவின் கடைசிப் பெயரும் அப்பாவின் பெயர். அப்பாவின் கடைசிப் பெயரோ அவருடைய அப்பாவின் பெயர். இதை நான் பாதி இங்கிலிஷிலும் பாதி டொச்சிலும், அதுதான் ஜெர்மனிலும், விளங்கப்படுத்தி முடித்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியானால் உங்கள் அப்பாவைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே குடும்பமா?” என்று கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். அடுத்த கிழமை வேறு கடதாசிகளோடு வரச்சொன்னார்.

ட்ராமில் என் பக்கத்து இருக்கைதான் கடைசியாக நிரம்பும். சூப்பர்மார்க்கெட்டில் பையைத் திறந்து காட்டச் சொல்லுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடையும் திறந்திருக்காது. ஆனாலும் அந்த முற்றங்களில் ஒன்றில் போய் இருந்தால் எல்லாம் மறந்துவிடும். உடுப்புக் கூடையோடு பெண்கள் ஆற அமரக் கதைத்தபடி போவார்கள். லிப்ட் ஒவ்வொரு முறையும் வேலை செய்யும். எங்கள் சென் ஜேம்ஸ் ரவுணுக்கு ஏன் இது கிடைக்கவில்லை என்று எரிச்சலோடு அளந்து அளந்து வரைந்துகொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

என் அறைத்தோழி அன்னா அந்த ஊர்க்காரி. ஒருநாள் என்னிடம், “நீ எவ்வளவு நல்ல பிள்ளை, ஒவ்வொரு நாளும் உன் பாட்டியோடு கதைக்கிறாய்” என்றாள். எனக்குப் பாட்டி இல்லை என்றேன். “பொய் சொல்லாதே, போனில் ஓமா, ஓமா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயே” என்றாள். டொச்சில் ஓமா என்றால் பாட்டியாம். நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ‘ஓமம்மா’.

சாப்பிட்டியோ? ஓமம்மா. கதவு பூட்டினியோ? ஓமம்மா. வாற கிழமை பாரிஸுக்குப் போறாய்தானே, அந்தப் பச்சைச் சுடிதாரைக் கொண்டுபோ. ஓமம்மா. அன்னா சொன்ன பிறகுதான், நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்லுகிறேன் என்று என் காதுக்கே கேட்டது. அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

4

எங்கள் ஆட்கள் பாரிஸ் என்றால் பிரான்சில் எந்த மூலையும் பாரிஸ்தான். சித்தப்பா வீடு பாரிஸிலிருந்து ரயிலும் பஸ்சும் பிடித்துப் போகும் தூரத்தில், ஒரு டயர்க்கடைக்குப் பின்னால் இருந்தது. நான் பார்க்க நினைத்தது பழைய ரயில் பாதைக்கு மேலே அமைத்த நடைபாதைப் பூங்கா. சித்தப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

“உதென்ன பிள்ளை, தண்டவாளத்திலை என்ன கிடக்கு பாக்க? ஈபிள் டவரடிக்குப் போவம். சேலை கொண்டு வந்தனீரோ?”

ஈபிள் கோபுரத்துக்கு முன்னால் நின்று என்னைப் படமெடுத்தார். ஒன்று முழுதாக, ஒன்று இடுப்புக்கு மேலே. பக்கவாட்டாகத் திரும்பச் சொல்லி இன்னொன்று. சிரிக்கச் சொன்னார், பிறகு அவ்வளவு சிரிக்க வேண்டாம் என்றார். படத்தைப் பார்த்தபோது கோபுரத்தின் ஒரு காலைத் தவிர மிச்சம் எல்லாம் வெட்டுப்பட்டிருந்தது. பாவம், மனிதருக்குப் படமெடுக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் ஒரு குடும்பம் கேக்கோடு வந்தது. தற்செயலாக இந்தப் பக்கம் வந்தார்களாம். அந்த டயர்க்கடைப் பக்கம் ஒருவர் தற்செயலாக வருவதற்கு என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. சித்தி தேத்தண்ணித் தட்டை என் கையில் தந்தார். விருந்தாளியையும் வேலை வாங்குகிறார் என்று ஒரு சின்னக் கடுப்பு மட்டும் வந்தது. அவர்களோடு வந்த பெடியனுக்கு இங்கிலிஷ் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது தமிழ். அவனுடைய தமிழ் ஐந்து வயதில் நின்றுவிட்டிருந்தது.

“சாப்பிட்டனியா?” என்றான்.

“ஓம்” என்றேன்.

“என்ன சாப்பிட்டனி?”

“புட்டு.”

அதற்குமேல் அவனிடம் சொற்கள் இருக்கவில்லை. அவனுடைய தாய் என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்போடு வீட்டுக்குள் நிற்கிறேனோ என்று பயந்து நானும் குனிந்து பார்த்தேன்.

5

சூரிச்சில் கேக் வரவில்லை. மாமி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பழைய தொழிற்சாலைக்குள் கோயில். வசந்தமண்டபத்துக்கு முன்னால் ஒரு குடும்பம், தற்செயலாக. கஜன் என்ற பெடியன், வேட்டி கட்டி, கையில் போனோடு. மாமி என்னை மூன்றுமுறை கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிட வைத்தார். அவர்கள் ஒருமுறையும் சுற்றவில்லை. பிறகு ஏரிக்கரையில் நிறுத்திப் படம். இந்தமுறை ஏரியே இல்லை. நானும் கரையோரத்துக் கம்பியும் மட்டுந்தான்.

அன்றைக்கு எனக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவுக்கு எடுத்துக் கேட்டேன்.

“அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. என்னை ஆருக்கும் காட்டுறியளோ?”

“உனக்கென்ன விசரே? கோயிலுக்குச் சனம் வராதே? தெரிஞ்ச ஆக்களைக் கண்டால் கதைக்கிறதுதானே.”

“சத்தியமாவோ?”

“நான் உனக்குப் பொய் சொல்லுவனோ?”

நம்பினேன். என்னுடைய கோபம் முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது. பெண் பார்க்கிற வழக்கத்தோடுகூட எனக்கு அவ்வளவு சண்டை இல்லை. விருப்பமான ஆட்கள் நேராகக் கேட்டுச் செய்யட்டும். நான் ஒரு நகரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு நின்ற நேரத்தை எடுத்து, என்னை முதுகுக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்தார்கள். வெண்டிக்காய்க்காவது ‘முறிக்க வேண்டாம்’ என்று ஒருவர் எழுதி வைத்தார்.

6

பிளாசாவிலிருந்து நேரே வந்து குசினியில் அம்மாவின் முன்னால் மரக்கறிப் பையை வைத்தேன். என் படம் ஸ்காபரோ முழுக்கச் சுற்றுகிறதாமே என்று கேட்டேன். அம்மாவின் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். மருந்துக்கும் இல்லை.

“நீ ஊர் பாத்தாய். அவை உன்னைப் பாத்தவை. இதிலை ஆருக்கு என்ன நட்டம்?” என்றார்.

“நான் எங்கை பாத்தன்? பாரிஸிலை டயர்க்கடை பாத்தன். சூரிச்சிலை கம்பி பாத்தன்.”

“இருந்து ஆறுதலாய்க் கேள். அந்தச் சூரிச் பெடியனுக்கு உன்னைப் பிடிச்சிட்டுது. வாற மாசம் நயாகரா பாக்க வருகினம்.”

நயாகரா பார்க்க. எங்கள் மொழியில் ‘பார்க்க’ என்ற அந்த ஒரு சொல்லை இனி நான் நம்பமாட்டேன்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லவேண்டும். வியன்னாவில் நான் வரைந்தவற்றைப் பார்த்து, அங்கேயே மாஸ்டர்ஸ் படிக்க இடம் தந்திருந்தார்கள். இரண்டு வருடம். வருகிறேன் என்று நான் பதில் எழுதவேண்டும். தனியாக விடமாட்டேன் என்று அம்மா சொல்லி, பதில் எழுதாமல் கிடந்தது. அப்பா மட்டும் ஓம் என்றால் போகமாட்டேனா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அம்மாவோடு முறித்துக்கொண்டு போனால் திரும்பி வர எனக்கு வீடு இருக்காது. அம்மா ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருப்பார், செய்யக்கூடிய மனுசி.

“உன்ரை படிப்புக்கு நான் குறுக்கை நிக்கேல்லை” என்றார் அம்மா. “ஒரு துணையோடை போ எண்டுதான் சொல்லுறன். கலியாணம் முடிச்சிட்டுப் படிக்கட்டும் எண்டு அவையும் சொல்லிப்போட்டினம். சூரிச்சும் வியன்னாவும் பக்கந்தானே.”

ரயிலில் ஏறினால் பகல் முழுக்க ஓடும் என்றேன். அம்மா காதில் விழுத்தவில்லை. அம்மாவுக்கு ஐரோப்பா என்பது சித்தப்பா வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் உள்ள, நடந்து தாண்டிவிடக்கூடிய ஒரு ஒழுங்கை.

7

வந்தார்கள். கஜனும் தாயும் தகப்பனும். அப்பா வான் ஓட்டினார். நான் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பேன் என்று அம்மா எதிர்பார்த்திருந்தார். நான் பச்சைச் சுடிதாரையே உடுத்திக்கொண்டு போய் ஏறினேன். அம்மா சந்தோஷத்தில் மீன் ரோல்ஸ் பெட்டியை என் மடியில் வைத்தார்.

நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள பூங்காவில் ஒரு மேசையில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். காற்றில் தண்ணீர்த் தூறல் வந்துகொண்டிருந்தது. கஜன் கெட்ட பெடியன் இல்லை. தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தான், எனக்கும் ஊற்றித் தந்தான். வியன்னாவில் என்ன படிக்கப் போகிறீர் என்று கேட்டான். அந்த முற்றங்களைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“டிகிரி இருக்குத்தானே, அது போதும். சூரிச்சிலை டொச் படிச்சு, பிள்ளையள் பாக்கிற நிலையத்திலை வேலை எடுக்கலாம். மச்சாள் அப்பிடித்தான் எடுத்தவ.”

நான் அவனுடைய தாயைப் பார்த்தேன். என் அம்மாவும் அவரைத்தான் பார்த்தார்.

“அன்ரி, நான் வியன்னாவிலை படிக்கிறதெண்டு உங்களுக்கு அம்மா சொன்னவதானே?”

“ஓமோம், சொன்னவ” என்றார், ரோல்ஸின் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே. “படிப்பெல்லாம் பிறகு பாப்பம் பிள்ளை.”

ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ‘பிறகு பாப்பம்’ என்றால் எங்கள் ஆட்களிடத்தில் ஒரே ஒரு அர்த்தந்தான். அம்மாவுக்கும் அது தெரியும். அவர் கையில் எடுத்த ரோல்ஸைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். அன்று அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

நான் எழும்பினேன். “கஜன், இவ்வளவு தூரம் வந்திட்டு ஒரு படம் எடுக்காமல் போறதே. வாங்கோ” என்றேன். தாய்க்குப் புளுகமும் சந்தோஷமும் தாங்கவில்லை, மகனின் தலைமயிரைத் தடவிச் சரிசெய்து அனுப்பினார். கம்பியோரமாக அவனை நிறுத்தினேன். முழுதாக ஒன்று. இடுப்புக்கு மேலே ஒன்று. பக்கவாட்டாகத் திரும்பச் சொல்லி இன்னொன்று. சிரியுங்கோ என்றேன், அவ்வளவு வேண்டாம் என்றேன். உலகத்திலேயே பெரிய நீர்வீழ்ச்சிகளில் ஒன்று அவனுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டும் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன்.

வானில் ஏறி உட்கார்ந்ததும், அந்தப் படங்களை வெண்டிக்காய் அன்ரிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: பெடியன் சூரிச். நல்ல குணம். தேத்தண்ணி தானே ஊற்றுவார். தாய் தகப்பனோடு இப்போது ரொறன்ரோவில் நிற்கிறார். தாயின் நம்பரும் நிற்கிற வீட்டு விலாசமும் இதோடு இருக்கிறது. கையோடு பார்க்கலாம்.

செய்தது சரியா என்று கேட்டால், எனக்கு அதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. அவர்களுக்கு என்ன நட்டம்? அவர்கள் நயாகரா பார்த்தார்கள்.

விருந்தாளிகளை அவர்களுடைய உறவினர் வீட்டில் இறக்கிவிட்டு நாங்கள் மூவரும் திரும்பும்போது, அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“வியன்னாவிலை ட்ராம் மணி அடிக்குமோ?”

“அடிக்கும் அப்பா.”

“அப்ப அந்த ஊராயும் இருக்கலாம்” என்றார்.



8

அடுத்த நாள் காலையில் போன் அடித்தது. கஜனின் தாய். அம்மா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார், அப்படியும் எனக்குக் கேட்டது. யாரோ ஒரு மனுசி எடுத்துக் குறிப்புக் கேட்டாராம். இன்னொரு மனுசி பெடியன் படத்தில் கொஞ்சம் கறுப்பு, நேரில் எப்படி என்று கேட்டாராம். மார்க்கம் என்ற பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் கேக்கோடு வாசலில் நிற்கிறதாம், தற்செயலாக. தன் பிள்ளையைத் தன்னைக் கேட்காமல் சந்தையில் விட்டது யார் என்று அவர் கத்தினார்.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய வாயில் ஒரு சொல் வந்து நின்றதைக் கண்டேன். நீ ஊர் பாத்தாய், அவை உன்னைப் பாத்தவை என்ற அதே சொல்லாகத்தான் இருக்கவேண்டும். அதை அவர் எனக்கும் சொல்லவில்லை, போனுக்கும் சொல்லவில்லை. “அதுக்கு நான் என்ன செய்ய? உங்கடை பிள்ளையின்ரை படிப்பை நான் பிறகு பாப்பம் எண்டு சொன்னனானே?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நல்ல வார்த்தை சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தார் என்று நினைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்டார் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் அம்மாக்களுக்கு அது வராது, எனக்கும் அவரை மன்னிக்கிற நினைப்பு இன்னும் வரவில்லை. தேங்காயை எடுத்தார். திருவலையில் இருந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

“அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை.”

“ஓமம்மா.”

“ஒரு வருத்தம் துன்பமெண்டால் தேத்தண்ணி வைச்சுத்தர ஆளில்லை.”

“ஓமம்மா.”

தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

“அப்ப, நான் வேண்டாமெண்டு சொன்னாலும் நீ தனியப் போகத்தான் போறாய்?”

இருபத்துமூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் சொல்லிவந்த சொல்தான். அன்றைக்குத்தான் அதை எனக்காகச் சொன்னேன்.

“ஓமம்மா.”